உத்தரமும் தலையும்

உத்தரம் என்ற சொல்லுக்குத் தமிழில் பல பொருள்கள் உண்டு. வினாவுக்கு விடை உத்தரம். வடதிசை உத்தரம். வானத்தில் ஒரு நாள்மீன் உத்தரம். இவற்றோடு, வீட்டின் மேற்பாரத்தைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் மரமும் உத்தரமே. பேச்சு வழக்கில் உத்திரம் என்போம். நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வாயிலைக் கூறும் இடத்தில் அந்த மரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. ஒரு நாள்மீனின் பெயரைத் தாங்கிய மரம் என்று சுற்றி வளைத்துச் சொல்கிறார். அது உத்தரம் என்பதை உச்சிமேற் புலவர்கொள் நச்சினார்க்கினியரின் உரையைக் கொண்டே நாம் அறிகிறோம். அந்த வாயில் வெற்றிக் கொடியோடு யானை நிமிர்ந்தபடி உள்ளே நுழையும் அளவுக்கு உயரமானது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் வியப்பார்கள். நமக்கோ அதைப் படிக்கும்போது கை தானாக நெற்றிக்குப் போகும். யானை நுழையும் உத்தரத்தைப் பற்றிப் பாடம் சொல்லிவிட்டு, மனிதன் நுழைய முடியாத உத்தரத்தின் கீழே வாழ்ந்தவர்கள் நாம்.

தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் பூர்வீக வீடு இரு காலங்களில் எழுந்தது. பின்னால் இருக்கும் அடுக்களை மிகப் பழையது. ஓட்டுக்கூரை போட்டுத் தனிக் கட்டடமாக நின்றது. முன்னால் திண்ணை, தார்சா, பட்டாசாலை என்று பின்னாளில் கட்டைக்குத்து மட்டப்பாவோடு பெரிய வீடு வந்தபோது, இரண்டையும் எட்டடி நீளமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட ஒரு நடையால் இணைத்தார்கள். அந்த நடை அடுக்களையில் சென்று முடியும் இடத்தில்தான் அந்தத் தேக்கு உத்தரம் கிடக்கிறது. அடுக்களைக் கூரையின் கைமரங்களெல்லாம் ஒரு பக்கம் வந்து இறங்குவது அதன்மேல்தான். எட்டு அங்குல ஆழம், ஆறு அங்குல அகலம். பல தலைமுறைப் புகை படிந்து கருத்து, எண்ணெய் தேய்த்த கருங்கல்லைப் போல் மினுங்கும். நடையின் தரையிலிருந்து அதன் அடிப்பகுதிக்கு ஐந்தடி ஐந்து அங்குலம்.

இந்த உத்தரத்தில் முட்டாத உறவினர் எங்கள் குடும்பத்தில் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முட்டியிருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் முட்டி, அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தடவியிருக்கிறார்கள். முட்டியவரிடம் எங்கள் ஆச்சி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "வீடு உன்னைக் கும்பிடச் சொல்லுது, கும்பிட்டுட்டு வா." அனைவரும் சிரிப்பார்கள். முட்டியவரும் வலியோடு சிரிப்பார். தாழ்ந்த வாசல் பணிவைக் கற்பிக்கிறது என்ற இந்தக் கருத்து எங்கள் ஆச்சிக்கு மட்டும் உரியதன்று. பழைய வீடுகளைப் பற்றி எழுதுவோர் பலரும் இதைச் சொல்கிறார்கள். மரபு வீட்டைச் சுற்றிக் காட்டுபவர்களும் நிலைப்படியில் நின்று இதையே சொல்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அது முழு உண்மையன்று. ஓட்டுக் கூரைக்குச் சரிவு வேண்டும். முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரம் சுவரைத் தாண்டிச் சற்றே வெளியே நீண்டால்தான் சாரல் மழை சுவரில் அடிக்காது. மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர் நனைந்தால் கரையும். முகட்டை உயர்த்தினால் நீண்ட கைமரங்கள் வேண்டும், கூடுதல் ஓடு வேண்டும், அதிகக் கூலி வேண்டும். அகன்று உயர்ந்த கூரையை ஆடிக் காற்று வேறு பற்றி இழுக்கும். ஆகவே இறவாணம் தாழ்ந்தது. அதோடு சுவரும் தாழ்ந்தது, சுவரின்மேல் கிடந்த உத்தரமும் தாழ்ந்தது. பணிவு அங்கே பிறகு வந்து குடியேறிய வாடகைக்காரர்.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மாடி வைத்து வீடு கட்டக் கூடாது என்ற தடை ஒரு காலத்தில் இருந்தது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும்கூடத் தடை இருந்தது. அவர்கள் வீட்டுக் கூரை தாழ்ந்திருந்ததற்கும் பணிவுக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்த பணிவன்று. தாழ்ந்த வாசலைப் புகழ்ந்து பேசும்போது, அதன் கீழ் யார் குனிந்தார்கள், யாருக்காகக் குனிந்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. தந்தையாருக்கு வயது எழுபத்தெட்டு ஆகியது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனதால் இரத்தம் உறையாமல் இருக்க நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளத் தொடங்கினார். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். பிறந்த நாள் முதல் அறிந்த உத்தரம் என்பதால், அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமலேயே தலையைத் தாழ்த்திக் கடந்துவிடுவார். அப்படிப்பட்டவர், ஓர் ஆடி மாத இரவில் தண்ணீர் குடித்துவிட்டு அடுக்களையிலிருந்து திரும்பும்போது உச்சந்தலைக்குச் சற்று முன்னால் முட்டிக்கொண்டார். இரத்தம் வரவில்லை. வீக்கமும் பெரிதாக இல்லை. மறுநாள் காலையில்தான் அதை அவர் சொன்னார், அதுவும் நாளிதழை மடித்தபடி, போகிற போக்கில்.

மருத்துவர் அதைப் போகிற போக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முதுமையில் மூளை சற்றே சுருங்குகிறது. அதனால் மூளையின் பரப்பிலிருந்து மேலுறைக்குச் செல்லும் சிறு நாளங்கள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. சிறிய அதிர்வுகூட அவற்றில் கசிவை உண்டாக்கலாம். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவருக்கு அந்தக் கசிவு எளிதில் நிற்காது. தலைவலி, அசதி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவை அன்றே வராமல் சில வாரங்கள் கழித்தும் வரலாம். வெளியே காயம் இல்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று கொள்ள முடியாது. இவ்வளவையும் அவர் பொறுமையாக விளக்கி, ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் பழுதில்லை. ஆனாலும் அடுத்த சில வாரங்களுக்கு, தந்தையார் சற்று நேரம் கூடுதலாக உறங்கினால்கூட வீட்டில் ஒருவர் போய் அருகில் நின்று பார்த்துவிட்டு வருவோம். ஆச்சியின் வாசகத்துக்கு அதன்பின் எவரும் சிரிக்கவில்லை.

உத்தரத்தை என்ன செய்வது என்று குடும்பம் கூடியது. சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன், அடுக்களையை இடித்துவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைய இந்திய தேசிய கட்டட விதித்தொகுப்பின்படி வசிக்கும் அறைகளில் உத்தரத்தின் அடியில் குறைந்தது 2.4 மீட்டர் தலைவெளி வேண்டும். அது ஏறத்தாழ ஏழடி பத்து அங்குலம். எங்கள் உத்தரம் அதற்கு இரண்டடிக்கும் மேல் தாழ்ந்தது. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இடிக்க வேண்டாம், அடியில் இரண்டு அங்குலம் செதுக்கி எடுத்துவிடலாம், தேக்குதானே, தாங்கும் என்றார். தந்தையார் இரண்டுக்கும் உடன்படவில்லை. "எனக்காக அதை வெட்டாதீங்க. நான் வேணும்னா தார்சாவுலயே இருந்துக்கிடுதேன், தண்ணியைக் கொண்டுவந்து குடுங்க" என்றார். அதுதான் எங்களை உறுத்தியது. வீட்டைக் காப்பாற்றுவதற்காக அதன் தலைவர் வீட்டின் பாதியைத் துறக்க முன்வந்தார். அடுக்களைதான் அம்மா இருக்கும் இடம். மாலைக் காப்பியோடு இருவரும் பேசிக்கொண்டிருப்பதும் அங்கேதான்.

செதுக்குவது என்ற யோசனையை அடுத்த தெருவில் இருக்கும் மூத்த ஆசாரி ஒருவர் முறித்துப் போட்டார். அவர் மொழியில், உத்தரத்துக்கு வயிறுதான் உயிர். பாரம் ஏறும்போது மரத்தின் மேற்பகுதி நெருங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. இழுபடும் அந்த அடிநாரை நடுவில் வெட்டினால் விரிசல் அங்கேதான் தொடங்கும். கணக்கும் அவர் பக்கமே நிற்கிறது. ஓர் உத்தரத்தின் வலிமை அதன் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, வளையாமல் நிற்கும் தன்மை ஆழத்தின் கனத்தைப் பொறுத்தது. எட்டு அங்குலம் ஆறு அங்குலமானால் ஆழத்தில் கால் பங்குதான் குறைகிறது. ஆனால் வலிமையில் 44 விழுக்காடு போய்விடும். அதே பாரத்துக்கு உத்தரம் முன்னைப்போல் இரு மடங்குக்கும் மேலாகத் தொய்யும். ஐப்பசி மழையில் நனைந்து கனத்த ஓடுகளை அந்த மெலிந்த மரம் தாங்க வேண்டும். தலைக்கு இடம் தருவதற்காகக் கூரையையே தலையில் இறக்கிக்கொள்வதாக அது முடிந்திருக்கும். வேறு வழியே இல்லையென்றால் கூரைக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கி, மரத்தை எடுத்துவிட்டு ஆழம் குறைந்த இரும்பு கர்டர் வைக்கலாம் என்றும் ஆசாரி சொன்னார். அது பொறியாளர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

பிறகு அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் எல்லாம் மாறியது. "ரெண்டு பக்கமும் அளந்தீங்களா சார்?"

நடைப் பக்கத்திலிருந்து ஐந்தடி ஐந்து அங்குலம். அடுக்களைப் பக்கம் நின்று அளந்தால் ஐந்தடி ஒன்பதரை அங்குலம். நடைக்கும் அடுக்களைக்கும் இடையே, சரியாக உத்தரத்தின் நேர்கீழே, நாலரை அங்குலப் படி ஒன்று இருந்தது. எல்லோரும் நாள்தோறும் மிதித்த படி. ஆசாரி நடையின் ஓரத்தில் ஒரு தரைஓட்டைப் பெயர்த்துக் காட்டினார். மேலே வழுவழுப்பான புதிய தரைஓடு. அதன் கீழே எழுபதுகளில் போட்ட மொசைக். அதற்கும் கீழே தாத்தா காலத்துச் சிவப்பு சிமெண்ட். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பட்டாசாலையும் நடையும் ஒரு புதிய தளத்தைப் பெற்றன. தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் அடுக்களை மட்டும் பழைய சிவப்புத் தரையோடு நின்றுவிட்டது. மரம் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. தரைதான் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எங்கள் ஊரில் தெருவும் இப்படித்தான். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம்.

தலை முட்டுவது எப்படி நிகழ்கிறது என்பதும் அந்தப் படியை வைத்துப் பார்த்தபோது விளங்கியது. பட்டாசாலையிலிருந்து அடுக்களைக்குப் போகிறவர் படியில் கால் தவறாதிருக்கக் கீழே பார்க்கிறார். கண் கீழே போனால் மேலே இருப்பது தெரியாது. அடுக்களையிலிருந்து வருகிறவருக்கோ வேறு இடர். உத்தரத்தின் கீழே வந்ததும் அவர் படியில் ஏறுகிறார். ஏறும் காலோடு உடம்பும் நாலரை அங்குலம் எழுகிறது. எழும் தலை நேரே மரத்தில் போய் இடிக்கிறது. நடந்து போய் மோதுவதைவிட இது மோசம், ஏனெனில் உடம்பை உந்தி எழுப்பும் விசையும் அதில் சேர்ந்துகொள்கிறது. தந்தையார் முட்டியது இப்படித்தான். மூன்றாவது வகை, குனிந்தவர் உத்தரத்தைத் தாண்டிவிட்டதாக எண்ணி அரை அடி முன்னதாகவே நிமிர்வது. பழகியவர்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் முட்டுகிறார்கள். அகலமான உத்தரம் என்றால் இந்த இடர் இன்னும் கூடும்.

எனவே முதல் வேலை மேலே அன்று, கீழே என்றாயிற்று. நடையின் மேலிரண்டு தளங்களையும் பெயர்த்து எடுத்தோம். தாத்தா காலத்துச் சிவப்புத் தரை சில இடங்களில் மட்டும் பொரிந்திருந்தது. அதே நிறத்தில் ஒட்டுப் போட்டோம். பட்டாசாலைப் பக்கம் இப்போது நாலரை அங்குலம் உயர்ந்து நின்றது. அங்கே புதிய படி ஒன்றை வைத்தால் பழைய கதைதான். அதனால் ஒரு அங்குல இறக்கத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் நாலரை அடிக்குச் சாய்தளம் அமைத்தோம். சக்கர நாற்காலிகளுக்கான சரிவுகளில் சொல்லப்படும் விகிதமும் இதுவே. எட்டடி நடையில் சாய்தளம் போக மூன்றரை அடி சமதளம் உத்தரத்துக்கு முன்னால் மிஞ்சியது. சரிவில் நடக்கும்போது இயல்பாகக் கீழே தாழும் கண், மரத்தை நெருங்குமுன் நிமிர்வதற்கு அந்த இடம் போதும். அடுக்களைத் தண்ணீர் நடைக்குள் வராதிருக்கக் கால் அங்குல வாட்டம் கொடுத்தோம். தரைக்கு எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்குவதில்லை என்றும் முடிவு செய்தோம். தலையைக் காத்துக் காலை வழுக்கவிடுவதில் பொருளில்லை.

உத்தரத்தின் உயரம் இப்போது இரு பக்கமும் ஐந்தடி ஒன்பதரை. தந்தையார் நிமிர்ந்து போகலாம். ஆனால் எங்கள் மகனுக்கு ஐந்தடி பதினொன்று. வருகிற விருந்தினரின் உயரமும் நம் கையில் இல்லை. ஆகவே மரத்துக்கும் சிலவற்றைச் செய்ய வேண்டியிருந்தது.

கூரிய விளிம்பே காயத்தை உண்டாக்குகிறது. ஆசாரி இழைப்புளியால் இரு கீழ்விளிம்புகளையும் அரை அங்குலம் மட்டும் உருட்டிக் கொடுத்தார். வயிற்றைத் தொடவில்லை. அதன்மேல் ஒரு மெத்தை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாற்காலிக்கு வைக்கும் மென்மையான பஞ்சு இதற்கு உதவாது. தலை பட்டதும் அது முழுக்க அமுங்கிவிடும், பிறகு மரம்தான் மிஞ்சும். அழுத்தினால் மெல்ல விட்டுக்கொடுக்கும் கெட்டியான நுரைப்பாய் வேண்டும். தலை ஒரே கணத்தில் நிற்காமல் ஓர் அங்குல தூரம் தாழ்ந்து நின்றால் தாக்கும் விசை வெகுவாகக் குறையும். மெத்தை தடிமனாக இருந்தால் தலைவெளி போய்விடும் அல்லவா? அதனால் முகப்பில் ஓர் அங்குலமும் அடியில் அரை அங்குலமுமாக, விளிம்பை மட்டும் மூடும் வகையில் வைத்தோம்.

நுரைப்பாயை அப்படியே விட்டால் பழைய தேக்கின்மேல் பிளாஸ்திரி ஒட்டியது போலிருக்கும். அதை மூடப் பத்தமடைப் பாய் கிடைத்தது. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லியதாகக் கிழித்து, சாயமேற்றி நெய்யும் அந்தப் பாயைப் பற்றி வாசகர்கள் அறிவர். மணமக்கள் பெயரை நெய்து கல்யாணத்துக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதைப் போர்த்தும்போது ஒரு சூட்சுமம் உண்டு. கோரை உத்தரத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பில் ஒடிந்துவிடும். நாங்கள் தேர்ந்தெடுத்த பாயில் கோரையின் இயல்பான பொன்னிறமும் அடர்ந்த சிவப்பும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். சிவப்புப் பட்டை சரியாகக் கீழ்விளிம்பில் விழும்படி வைத்தோம். இது வெறும் அழகுக்காக அன்று. இருண்ட அடுக்களையின் பின்னணியில் கருத்த உத்தரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்கு வேண்டியது நிறமன்று, நிற வேறுபாடு. கோயில் மதிலில் காவியும் சுண்ணாம்பும் தொலைவிலிருந்தே தெரிவதும், ரயில்வே கேட்டின் குறுக்குக் கட்டையில் பட்டை தீட்டியிருப்பதும் அந்த வேறுபாட்டின் பயனால்தான். அடுப்பின் வெக்கை படாத தொலைவில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பித்தளைக் குமிழ் ஆணிகளை உத்தரத்தின் பக்கவாட்டில் மட்டும் அடித்தோம். தலை படும் இடத்தில் ஓர் ஆணியும் இல்லை.

இவ்வளவும் ஆனபின் அம்மா வந்து பார்த்தார். "முட்டுத எடத்துல மெத்தையை வச்சாச்சு, சரி. முட்டாம இருக்க என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவரே விடையும் சொன்னார். தோரணம் கட்டச் சொன்னார். உத்தரத்தில் அன்று, உத்தரத்துக்கு முன்னால்.

யோசித்துப் பார்த்தால் இதில் நுட்பமான கணக்கு இருக்கிறது. வீட்டுக்குள் சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஒரு மீட்டர் அளவு கடக்கிறார். நெற்றியில் ஏதோ பட்டதென்று உணர்ந்து தலையைத் தாழ்த்த அரை நொடியாவது வேண்டும். உத்தரத்திலேயே தொங்கும் தோரணம் நெற்றியில் படும் கணத்தில் மரமும் பட்டுவிடும். அரை மீட்டராவது முன்னதாகத் தொங்கினால்தான் அந்த அரை நொடி கிடைக்கும். மின்மயமான ரயில் பாதையைச் சாலை கடக்கும் இடங்களில், லாரிகளுக்காக உயரத் தடுப்பை கேட்டுக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தியிருப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். பழைய ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலிகள் இரண்டு மச்சில் கிடந்தன. நடையின் கூரையிலிருந்து அவற்றைத் தொங்கவிட்டு, குறுக்கே ஒரு மெல்லிய மூங்கிலைக் கோத்து, உத்தரத்துக்கு இரண்டரை அடி முன்னால் நிறுத்தினோம். அதில் துணித் தோரணம் தொங்குகிறது. நுனிகள் உத்தரத்தின் அடிமட்டத்தைவிட மூன்று அங்குலம் தாழ்ந்திருக்கின்றன. அதைத் தொடாமல் போகிறவர் உத்தரத்திலும் முட்டமாட்டார். கண்ணில் குத்தும் எதுவும் நுனியில் கூடாது. நடுவில் நான்கு சிறிய சலங்கை மணிகளைக் கூரான பகுதி மேல்நோக்க, துணி மடிப்புக்குள் வைத்துத் தைத்திருக்கிறார் அம்மா. பார்வை மங்கியவருக்கு ஒலியும் வேண்டும் என்பது அவர் வாதம். விசேட நாள்களில் மாவிலையும் குருத்தோலையும் அதே மூங்கிலில் ஏறும்.

அடுக்களைப் பக்கம் தோரணம் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். அங்கே விளக்கு. ஆள் அசைவை உணர்ந்து தானே எரியும் சிறிய எல்.இ.டி. பட்டை விளக்கை உத்தரத்துக்கு மேலே, சுவரை ஒட்டி வைத்தோம். அதன் ஒளி மேலிருந்து வழிந்து மரத்தின் முகத்தில் விழும். கண்ணில் நேராக விழாது. முதியோரின் கண் கூசினால் மறுபடி தெளிய நேரமாகும். கூசும் விளக்கு இருட்டைவிடத் தீது. மஞ்சள் சாயல் கொண்ட ஒளியைத் தேர்ந்தெடுத்ததால் இரவில் பாயின் சிவப்பும் தேக்கின் கருமையும் தணலில் காய்ந்தது போலத் தோன்றுகின்றன. இடிக்கச் சொன்ன அண்ணன் பொங்கலுக்கு வந்தபோது அந்த விளக்கை இரண்டு மூன்று முறை எரியவிட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதும் மாவிலை கட்டுவதும் தலை முட்டாதிருக்க முன்னோர் செய்த அறிவியல் ஏற்பாடு என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்வது ஒரு காலத்தில் மேடைகளிலும் இப்போது கைப்பேசிகளிலும் பெருகிவிட்டது. நெடுநல்வாடையின் நெடிய நிலையிலும் நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியிருந்தன. யானை நுழையும் வாயிலில் எவர் தலை முட்டப்போகிறது? அது காப்பும் மங்கலமும் கருதிய வழக்கம். நாம் சொல்ல வருவது அதைவிடச் சிறியது. மங்கலத்துக்காக வந்த ஒரு பொருளை நம் தேவைக்காக இரண்டரை அடி முன்னால் நகர்த்தி வைக்கும் உரிமை நமக்கு உண்டு. அப்படி நகர்த்துவதால் அதன் மங்கலம் குறைந்துவிடாது. பழைய வீட்டில் வாழ்வது என்றால் எதையும் தொடாமல் வாழ்வதன்று. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிந்து வாழ்வது. இந்த வீட்டில் தொடக்கூடாதது உத்தரத்தின் வயிறு. தொட வேண்டியிருந்தது, ஒவ்வொரு கல்யாணமும் பெருமைக்காகப் போட்டுவிட்டுப் போன தரை.

பழைய வீட்டில் இப்படி ஓர் உத்தரமோ நிலையோ உள்ளவர்கள் ஒப்பந்தக்காரரை அழைக்குமுன் அளவு நாடாவை எடுத்து இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஓரத்தில் ஒரு தரைஓட்டைப் பெயர்த்து அடியில் எத்தனை தளங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். வீட்டில் மிக உயரமானவரையும் மிக மூத்தவரையும் இரவில் ஒருமுறை அந்த வழியே நடக்கச் சொல்லி, அவர்கள் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். மரத்தை மூடுவதாக இருந்தால் கழற்றி மாட்டும்படி மூடுங்கள். மூடிய மரத்தில் கறையான் ஏறினால் தெரியாது. நாங்கள் ஆண்டுதோறும் போகியன்று பாயைக் கழற்றி, மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பொருத்துகிறோம். சென்ற போகியில் ஒலி நன்றாகவே இருந்தது.

தந்தையார் பழையபடி அடுக்களைக்குப் போய்க் காப்பி குடிக்கிறார். இரண்டு அங்குலம் அளவுக்கு இடம் இருக்கிறது, நிமிர்ந்தே போகலாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். தலையாட்டிவிட்டு, அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமலேயே குனிந்து போகிறார். இப்போதெல்லாம் நாங்கள் அதைத் திருத்துவதில்லை.